சர்வர் எழும் நேரத்தில் எட்டிப் பார்க்க எது உதவும்: பிஎம்சி, சீரியல், கேவிஎம், டிராப்பேர்

ரீபூட் கொடுத்ததும் பிங் நின்றுவிடும். அது எதிர்பார்த்ததுதான். மெமரி நிறைய உள்ள சர்வர் என்றால் போஸ்ட் (எழுந்ததும் சர்வர் தன் ஹார்ட்வேரைச் சோதித்துக்கொள்ளும் கட்டம்) முடியவே ஐந்து நிமிடம்கூட ஆகலாம், அதனால் முதலில் யாரும் பதறுவதில்லை. எட்டாவது நிமிடத்தில் நிமிர்ந்து உட்காருகிறோம். பத்தாவது நிமிடத்தில் மேனேஜ்மென்ட் முகவரியை பிரவுசரில் தட்டுகிறோம், அதுவும் வரவில்லை. இல்லையென்றால் வருகிறது, லாகினும் ஆகிறது, கன்சோலைத் திறந்தால் கறுப்புத் திரை. டிஸ்க்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறதா, கர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) விழுந்துவிட்டதா, 'தொடர எஃப்1 அழுத்தவும்' என்று யாருக்காகவோ காத்திருக்கிறதா, ஒன்றும் தெரியாது.

இந்த நேரத்தில் கைகொடுக்கப் பல வழிகள் இருக்கின்றன. சர்வருக்குள்ளேயே தனியாக ஓடி, அதைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் குட்டிக் கணினியான பிஎம்சி, அது தரும் திரைக் கன்சோல், வெறும் எழுத்தாக ஓடும் சீரியல் கன்சோல், திரையையும் விசைப்பலகையையும் நெட்வொர்க் வழியே தரும் ஐபி கேவிஎம் என்ற வெளிப் பெட்டி, இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (கர்னல் முதலில் பயன்படுத்தும் தற்காலிகக் கோப்பு முறைமை) செருகும் டிராப்பேர் என்ற சின்ன எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி) சர்வர். எது சிறந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், ஏனென்றால் ஒவ்வொன்றும் பூட்டின் ஒரு பகுதியை மட்டும்தான் காட்டும். உங்கள் சர்வர் எந்த இடத்தில் கண்ணிலிருந்து மறைகிறது என்பதை முதலில் பிடித்துக்கொண்டால், தேர்வு பாதி முடிந்த மாதிரி.

மின்சாரம் வந்ததும் சர்வருக்கு முன்பே பிஎம்சி எழுந்துவிடும். ஆஸ்பீட் நிறுவனத்தின் ஏஎஸ்டி2500 போன்ற ஒரு சிப், தனக்கென்று கொஞ்சம் மெமரி, பெரும்பாலும் உள்ளே ஒரு குட்டி லினக்ஸ். பவர் சப்ளையின் ஸ்டாண்ட்பை மின்சாரமே அதற்குப் போதும், அதனால் சர்வர் அணைந்திருந்தாலும் இது ஓடும். இது எழுந்து பதில் சொல்ல ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். அதற்கப்புறம் போஸ்ட், பிறகு கர்னலை ஏற்றிவிடும் கிரப், பிறகு கர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும். நாம் தினமும் நம்பியிருக்கும் எஸ்எஸ்ஹெச் இந்த வரிசையில் கடைசி ஆள்.

தனி போர்ட்டா, பகிர்ந்த போர்ட்டா

கன்சோல் எது என்று யோசிப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட தலைவலி இங்கேதான் பிறக்கிறது.

பிஎம்சிக்குத் தனி நெட்வொர்க் போர்ட் கொடுக்கலாம். அல்லது சர்வரின் முதல் லேன் போர்ட்டையே அது பகிர்ந்துகொள்ளலாம், இதற்கு என்சிஎஸ்ஐ என்ற இணைப்பு மதர்போர்டிலேயே இருக்கும். பகிர்வதில் ஒரு கேபிளும் ஸ்விட்ச்சில் ஒரு போர்ட்டும் மிச்சம். பல போர்டுகளில் மூன்றாவதாக 'ஃபெயிலோவர்' என்றும் ஒன்று உண்டு: தனி போர்ட்டில் லிங்க் இருந்தால் அது, இல்லையென்றால் பகிர்ந்த போர்ட். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

ஒரு முறை ரேக் முழுக்க மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கில் மூன்று பிஎம்சிகள் மட்டும்தான் பதில் சொல்லின, மற்ற எட்டும் கப்சிப். ஃபர்ம்வேர் கெட்டுவிட்டது என்று ஒருவர், ஐபி மோதல் என்று இன்னொருவர். கடைசியில், எந்த நெட்வொர்க் கார்டின் முகவரி எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்று காட்டும் ஸ்விட்ச்சின் மேக் டேபிளைப் பார்த்தபோது விஷயம் உடைந்தது. காணாமல்போன பிஎம்சிகளின் மேக் முகவரிகள் உற்பத்தி நெட்வொர்க்கின் போர்ட்டுகளில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தன. பிஎம்சிகள் ஒன்றரை நிமிடத்தில் எழுந்துவிட்டன, மேனேஜ்மென்ட் ஸ்விட்ச் எழ நான்கு நிமிடம் ஆகியிருக்கிறது. எழுந்த நேரத்தில் தனி போர்ட்டில் லிங்க் இல்லை. சரி, ஃபெயிலோவர் செய்வோம் என்று பகிர்ந்த போர்ட்டுக்குத் தாவியவை, ஸ்விட்ச் வந்த பிறகும் திரும்பவே இல்லை. அந்தப் போர்டுகளில் இந்த முடிவு பிஎம்சி எழும்போது ஒரே ஒரு முறைதான் எடுக்கப்படுகிறது. கையில் மேனேஜ்மென்ட் சப்நெட்டின் நிலையான ஐபி, நிற்பதோ வேறு விலேனில், அதாவது பிரித்துவைத்த வேறொரு நெட்வொர்க்கில். யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுந்துவிட்ட சர்வர்களில் உள்ளிருந்தே ஐபிஎம்ஐடூல் (பிஎம்சியோடு ஐபிஎம்ஐ என்ற பொதுத் தரத்தில் பேசும் கட்டளைக் கருவி) மூலம் பிஎம்சிக்கு கோல்டு ரீசெட் கொடுத்தோம். அதற்கு நெட்வொர்க் வேண்டியதில்லை, மதர்போர்டுக்குள்ளேயே ஓடும் கேசிஎஸ் என்ற வழி போதும், சர்வரும் அணையாது. போஸ்ட்டில் சிக்கி நின்றவற்றுக்கு அந்த வழியும் இல்லை. ஒருவர் நேரில் போய்ப் பவர் கேபிளை உருவி, முப்பது விநாடி பொறுத்து, மறுபடி செருகினார். இரட்டை பவர் சப்ளை என்றால் இரண்டையும் உருவ வேண்டும், ஒன்றை மட்டும் எடுத்தால் பிஎம்சிக்கு எதுவுமே நடந்ததாகத் தெரியாது.

பகிர்ந்த போர்ட்டில் வேறு இரண்டு தொல்லைகள் உண்டு, இரண்டும் சர்வர் பூட் ஆகும் நேரம் பார்த்துத்தான் வரும். ஒன்று, சர்வர் ரீசெட் ஆகும்போது நெட்வொர்க் கார்டும் ரீசெட் ஆகி லிங்க் ஒரு நொடி விழுந்து எழும். ஸ்விட்ச்சில், நெட்வொர்க் சுழல்களைத் தடுக்கும் பழைய ஸ்பேனிங் ட்ரீ ஓடினால் அந்தப் போர்ட் மறுபடி பாக்கெட்டுகளைக் கடத்த 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்று, மொத்தம் 30 விநாடி எடுத்துக்கொள்ளும். பயாஸுக்குள் நுழைய எஃப்2 அழுத்த வேண்டிய நேரம் அந்த முப்பது விநாடிக்குள் போய்விடும். போர்ட்ஃபாஸ்ட் போட்டால் இது தீரும். இரண்டாவது எல்ஏசிபி, பல போர்ட்டுகளை ஒரே இணைப்பாகச் சேர்க்க சர்வரும் ஸ்விட்ச்சும் பேசிக்கொள்ளும் முறை. லேன் போர்ட்டுகள் இரண்டையும் பாண்ட் செய்திருந்தால், ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழும் வரை எல்ஏசிபி பேச ஆளில்லை. பதில் வராத போர்ட்டைச் சில ஸ்விட்ச்கள் நிறுத்தியே வைக்கும். ஆக, சர்வர் நலமாக இருக்கும்போது பிஎம்சி கிடைக்கும், சர்வர் விழுந்தால் பிஎம்சியும் போய்விடும். மழை பெய்யாத நாளில் மட்டும் விரியும் குடை. எல்ஏசிபி ஃபால்பேக் என்று ஸ்விட்ச்சில் ஒரு வசதி இருந்தால் அதைப் போடலாம். என்னைக் கேட்டால், தனி போர்ட் என்று மாற்றிவிட்டு ஃபெயிலோவரை மறந்துவிடுங்கள்.

திரையா, சீரியலா

பிஎம்சி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இரண்டு கன்சோல்கள் இருக்கும்.

பிரவுசரில் திறக்கும் திரைக் கன்சோல்தான் எல்லோருக்கும் பழக்கமானது. மானிட்டரில் தெரிவது அப்படியே தெரியும், ஐஎஸ்ஓ கோப்பைச் சிடி போலச் செருகலாம், பயாஸ் மெனுவில் சுட்டியை நகர்த்தலாம். ஆனால் பல இடங்களில் இதற்குக் காசு கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். டெல்லின் ரேக் சர்வர்களில் ஐடிராக் (டெல்லின் பிஎம்சி) திரைக் கன்சோல் வேண்டுமென்றால் என்டர்பிரைஸ் லைசென்ஸ் தேவை. ஹெச்பிஇ சர்வர்களில் ஐலோ என்ற பிஎம்சியின் அடிப்படை லைசென்ஸ் போஸ்ட் வரை காட்டிவிட்டு, ஆப்பரேட்டிங் சிஸ்டம் தொடங்கியதும் கன்சோலை மூடிவிடுவது வழக்கம். கன்சோல் பாதியில் போனால், எதையாவது பிரித்து மேய்வதற்கு முன் லைசென்ஸ் பக்கத்தைப் பாருங்கள்.

பழைய பிஎம்சி என்றால் ஜாவா கேட்கும். ஜாவா வெப் ஸ்டார்ட் 2018இல் வந்த ஜாவா 11இலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது, அதனால் பழைய ஜாவாவை ஒரு கன்டெய்னருக்குள் பூட்டி வைத்திருப்பவர்கள் நிறைய பேர். பிரவுசர் இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ்ஸும் பழசாக இருந்தால் இன்றைய பிரவுசர் பக்கத்தையே திறக்காது. ராத்திரி இரண்டு மணிக்குக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமில்லை இது. பகலில் ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.

கறுப்புத் திரைக்கு வழக்கமாக இரண்டு காரணங்கள். பிஎம்சி படம்பிடிப்பது தன் சிப்புக்குள் இருக்கும் விஜிஏவை மட்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு செருகி, பயாஸில் அதை முதன்மையாக வைத்தால், படம் அங்கே போய்விடும், பிஎம்சிக்கு வெறும் இருட்டு. மற்றொன்று, போஸ்ட்டும் கிரப்பும் அழகாகத் தெரிந்து, கர்னல் தொடங்கியதும் அணைவது. கர்னலின் கிராஃபிக்ஸ் டிரைவர் திரையின் முறையை மாற்றுகிறது, கன்சோலுக்கு அது பிடிபடவில்லை என்று அர்த்தம். கிரப்பில் அந்த வரியைத் திருத்தி நோமோட்செட் என்று சேர்த்துப் பாருங்கள். திரும்பி வந்தால் காரணம் அதுதான்.

இன்னொரு சின்ன எரிச்சல், விசைகள். எஃப்11 அழுத்தினால் பிரவுசர் முழுத்திரைக்குப் போகிறது, எஃப்12 அழுத்தினால் டெவலப்பர் சன்னல் திறக்கிறது, சர்வருக்கு எதுவுமே போய்ச் சேரவில்லை. கன்சோலின் மெனுவிலேயே விசைப்பலகை ஒன்று இருக்கும், அதைக் கிளிக் செய்ய வேண்டும். அதைவிட நல்லது, விசையைத் துரத்துவதையே விட்டுவிடுவது. அடுத்த பூட்டில் நேராக பயாஸுக்குப் போ என்று ஐபிஎம்ஐடூலிலேயே சொல்லி வைக்கலாம். அப்படிச் சொன்னபின் ஒரு நிமிடத்துக்குள் ரீபூட் கட்டளையையும் கொடுத்துவிட வேண்டும், 60 விநாடி தாண்டினால் அந்தக் குறிப்பு தானாக அழிந்துவிடும் என்பது ஐபிஎம்ஐ விதி. பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ உள்ள சர்வர் என்றால் இஎஃப்ஐ பூட் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சீரியல் கன்சோல் பார்க்க எளிமையானது, வெறும் எழுத்து. ஐபிஎம்ஐ 2.0 வந்த 2004இலிருந்து இதை நெட்வொர்க் மேல் ஏற்றி அனுப்பும் எஸ்ஓஎல் (சீரியல் ஓவர் லேன்) அந்தத் தரத்தின் பகுதியாகவே இருக்கிறது. மெதுவான இணைப்பிலும் ஓடும், லைசென்ஸ் பெரும்பாலும் கேட்காது. எல்லாவற்றையும்விட முக்கியம், பதிவு செய்யலாம். கர்னல் பேனிக் ஆகி ஐம்பது வரி ஓடினால், திரைக் கன்சோலில் கடைசி இருபத்தைந்து வரிதான் மிஞ்சும், உண்மையான காரணம் மேலே போய்விட்டிருக்கும். சீரியலில் ஓடியதெல்லாம் கோப்பில் இருக்கும். நேற்று இரவு நடந்ததை இன்று காலை படிக்கலாம். எனக்கு இந்த ஒரு காரணமே போதும். திரையா சீரியலா என்றால் தினப்படி வேலைக்குச் சீரியல்தான்.

ஆனால் அது தானாக வேலை செய்யாது. பயாஸ், கிரப், கர்னல் மூன்றும் ஒரே போர்ட்டையும் ஒரே வேகத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேகம் பொருந்தவில்லை என்றால் திரையில் குப்பை எழுத்துகள் ஓடும், அது நல்ல அறிகுறி, கேபிள் வரை எல்லாம் சரி, 115200க்கு மாற்றினால் போதும். ஒன்றுமே வராமல் இருப்பதுதான் கெட்டது. பல போர்டுகளில் எஸ்ஓஎல் இரண்டாவது சீரியல் போர்ட்டில் இருக்கும், லினக்ஸ் கணக்கில் அது டிடிஒய்எஸ்1. நாம் பழக்கதோஷத்தில் டிடிஒய்எஸ்0 என்று எழுதிவிட்டு எதிரே வெறித்துக்கொண்டிருப்போம். எந்தக் கட்டத்தில் எழுத்து நிற்கிறதோ அந்தக் கட்டத்தின் அமைப்புதான் தவறு: போஸ்ட்டே வரவில்லை என்றால் பயாஸின் கன்சோல் ரீடைரக்‌ஷன், போஸ்ட் வந்து மெனு வரவில்லை என்றால் கிரப், மெனு வந்து அப்புறம் மௌனம் என்றால் கர்னல் வரி.

கர்னல் வரியில் கன்சோல் இரண்டு கொடுக்கலாம், திரைக்கு ஒன்று, சீரியலுக்கு ஒன்று. செய்திகள் இரண்டுக்கும் போகும். ஆனால் கேள்வி கேட்கும் இடம் கடைசியாக எழுதியதுதான். அவசரநிலை ஷெல் எங்கே திறக்க வேண்டுமோ அதைக் கடைசியில் எழுதுங்கள். இது தெரியாமல், சீரியலில் எல்லா வரிகளும் ஓடி முடிந்து 'தொங்கிவிட்டது' என்று நினைத்து ரீசெட் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தொங்கவில்லை, திரையில் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நின்றது.

எஸ்ஓஎல்லில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். யாரோ மூடாமல் விட்டுப்போயிருந்தால், ஏற்கெனவே ஓடுகிறது என்று மறுக்கும். டீஆக்டிவேட் கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். வெளியே வர டில்டாவும் புள்ளியும். நீங்கள் எஸ்எஸ்ஹெச் வழியே வேறொரு மெஷினில் இருந்துகொண்டு இதைச் செய்தால் எஸ்எஸ்ஹெச் முந்திக்கொண்டு தானே மூடிவிடும், டில்டாவை இரண்டு முறை தட்ட வேண்டும். எல்லோரும் ஒரு முறையாவது இதில் விழுந்திருப்பார்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு பத்தி, தவிர்க்க முடியாது. ஐபிஎம்ஐ 2.0 லாகின் முறையில், பயனர் பெயர் தெரிந்த யாருக்கும் பாஸ்வேர்டின் ஹேஷை (ஊகித்து உடைக்கக்கூடிய அதன் மாற்று வடிவம்) கொடுத்துவிடும் குறை வடிவமைப்பிலேயே இருக்கிறது. 2013இல் வெளிச்சத்துக்கு வந்தது, ஃபர்ம்வேர் புதுப்பித்தாலும் போகாது. ஐபிஎம்ஐ பேசும் போர்ட்டான யுடிபி 623ஐ வெளி இணையத்துக்குத் திறந்து வைப்பது வீட்டுச் சாவியை வாசற்படியில் வைப்பதற்குச் சமம். மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கைத் தனியாகப் பிரித்து, விபிஎன் வழியே மட்டும் நுழையுங்கள். ஐபிஎம்ஐக்கு மாற்றாக 2015இல் வந்த ரெட்ஃபிஷ் ஹெச்டிடிபிஎஸ் மேல் ஓடுகிறது, பவரும் பூட் வரிசையும் அதிலேயே முடியும். புது சர்வர் என்றால் கட்டளைகளுக்கு அதைப் பயன்படுத்திக்கொண்டு, எஸ்ஓஎல்லை எஸ்எஸ்ஹெச் வழியாகவே தரும் பிஎம்சியா என்றும் பாருங்கள்.

பிஎம்சி இல்லாத இடத்தில்

சாதாரண டெஸ்க்டாப் போர்டை சர்வராக ஓட்டுபவர்களுக்கு இரண்டு வழிகள். இன்டெல்லின் வீப்ரோ வசதி உள்ள மெஷின் என்றால் உள்ளேயே ஏஎம்டி, அதாவது ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி என்ற தொலைநிர்வாக வசதி இருக்கலாம். பவரும் திரையும் கிடைக்கும், ஆனால் திரை வேண்டுமென்றால் சிபியுவின் உள் கிராஃபிக்ஸ் ஓட வேண்டும். 2017இல் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போகக்கூடிய ஓட்டை ஒன்று இதில் வெளிவந்தது, பழைய மெஷினைக் கையில் எடுத்தால் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிட்டுத் தொடுங்கள்.

மற்றது வெளியே வைக்கும் ஐபி கேவிஎம். ராஸ்பெர்ரி பை மேல் ஓடும் பைகேவிஎம் இதில் பிரபலம். ஹெச்டிஎம்ஐ வழியே திரையைப் பிடிக்கும், யுஎஸ்பி வழியே விசைப்பலகையாக நடிக்கும், பவர் பட்டன் ஊசிகளில் இணைத்தால் அணைத்து ஏற்றலாம். பயாஸ் முதல் டெஸ்க்டாப் வரை எல்லாம் தெரியும், கர்னல் கிராஃபிக்ஸ் மாறினாலும் பொதுவாகப் பிரச்சினை இல்லை. பதிவு மட்டும் கிடையாது, திரையில் இருப்பதுதான் இருப்பது. பூட்டின்போது படம் வரவில்லை என்றால் பெரும்பாலும் இடிஐடி சமாச்சாரம்: கிராஃபிக்ஸ் கார்டு எழும்போது எதிரே மானிட்டர் இருப்பதாக அதற்குத் தெரியவில்லை. கேவிஎம்மை முதலில் எழவிட்டு, பிறகு சர்வரை ஏற்றுங்கள்.

தனி கன்சோல் சர்வர், அதாவது ரேக்கில் உட்கார்ந்து பல சீரியல் கேபிள்களை வாங்கிக்கொள்ளும் பெட்டி, பிஎம்சியே செத்துப்போன நாளில் அருமை தெரியும். ஸ்விட்ச், ரவுட்டர்களுக்கு இது எப்படியும் வேண்டும். சர்வர்களையும் அதில் சேர்க்கலாமா என்றால், பின்னால் சீரியல் போர்ட் இருந்து, சர்வர்கள் நேரில் எளிதில் போக முடியாத இடத்தில் இருந்தால் சேர்த்துவிடுங்கள். பவரைத் தொட அதனால் முடியாது, பக்கத்தில், தொலைவிலிருந்து கட்டுப்படுத்தக்கூடிய பிடியு (ரேக்கின் மின் விநியோகப் பலகை) ஒன்றும் தேவை. கிளவுட் மெஷின்களில் இந்த வேலையை விற்பவரே செய்கிறார், அமேசான் ஈசி2 சீரியல் கன்சோல் 2021இல் வந்தது. அங்கே மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான்: எஸ்எஸ்ஹெச் சாவியை மட்டும் நம்பி எந்தப் பயனருக்கும் பாஸ்வேர்டு வைக்காமல் விட்டிருப்போம், லாகின் கேட்கும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது.

டிராப்பேர் வேறு ஜாதி

இதை மற்றவற்றோடு ஒப்பிடுவதே சரியில்லை, ஆனாலும் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். டிஸ்க்கை லினக்ஸின் லக்ஸ் முறையில் என்கிரிப்ட் செய்த சர்வர், பூட் நடுவே பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். அந்த நேரத்தில் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் ஒரு சின்ன எஸ்எஸ்ஹெச் சர்வர் ஓடினால், வெளியிலிருந்து நுழைந்து பாஸ்வேர்டைக் கொடுத்துவிடலாம். அந்த ஒரு வேலைக்கு இதைப்போல வசதியானது கிடையாது. ஆனால் போஸ்ட்டில் நின்றாலோ, கிரப் கெட்டாலோ, கர்னல் எழவில்லை என்றாலோ டிராப்பேரும் எழவில்லை. பிஎம்சிக்கு மாற்றாக இதை வைப்பவர்கள் என்றாவது ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும்.

டிராப்பேர் கிடைக்கவில்லை என்றால் பார்க்க வேண்டியவை நான்கு. நெட்வொர்க் கார்டின் டிரைவரும் ஃபர்ம்வேரும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் போயிருக்கிறதா. கர்னல் வரியில் ஐபி சரியாக இருக்கிறதா. சாவிக் கோப்பை மாற்றியபின் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டினோமா, டெபியனில் இதைத்தான் அதிகம் மறப்பார்கள். நான்காவதாக, மேலே சொன்ன எல்ஏசிபி இங்கேயும் வரும். இந்தக் கட்டத்தில் பாண்ட் இருக்காது, போர்ட்டை ஸ்விட்ச் நிறுத்தி வைத்திருக்கும்.

டிராப்பேரின் ஹோஸ்ட் சாவி (எந்த சர்வர் என்று அடையாளம் காட்டும் சாவி) வேறாக இருப்பதால் எஸ்எஸ்ஹெச் கத்தும். எரிச்சலில் சர்வரின் உண்மையான சாவியையே டிராப்பேருக்கும் போட்டுவிடாதீர்கள். பூட் பார்ட்டிஷன் என்கிரிப்ட் ஆகாமல் இருக்கிறது, டிஸ்க்கைக் கழற்றியவர் அந்தச் சாவியை எடுத்துவிடுவார். டிராப்பேரை வேறு போர்ட் எண்ணில் ஓடவிட்டால் இரண்டு சாவிகளும் தனித்தனியாக நினைவில் நிற்கும், கத்தலும் நிற்கும்.

அப்படியானால் எதை எடுப்பது

பிஎம்சி உள்ள சர்வர்கள் ஒன்றிரண்டு இருந்தாலும் சரி, ஐம்பது இருந்தாலும் சரி, தனி போர்ட், அதன் மேல் எப்போதும் பதிவாகிக்கொண்டிருக்கும் எஸ்ஓஎல். கான்சர்வர் போன்ற மென்பொருள் ஒன்று அந்த ஒற்றை இணைப்பைத் தானே பிடித்துக்கொண்டு பலருக்குக் காட்டும், பழைய செஷன் சிக்கலும் போய்விடும். திரைக் கன்சோலை நிறுவலுக்கும் பயாஸ் வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம், அதற்காக மட்டும் எல்லா சர்வருக்கும் லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. விண்டோஸ் சர்வர்கள் அதிகமென்றால் இந்தக் கணக்கு மாறும், அங்கே திரை இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம். என்கிரிப்ட் செய்த டிஸ்க் என்றால் மேலே டிராப்பேர். பிஎம்சி இல்லாத மெஷின் ஒன்றிரண்டுக்கு ஐபி கேவிஎம். அத்தகைய மெஷின்கள் நாலைந்தைத் தாண்டினால், அடுத்த முறை போர்டு வாங்கும்போதே பிஎம்சியோடு வாங்குவது மலிவு.

எதை எடுத்தாலும், வேலையில்லாத ஒரு நாளில் ஸ்விட்ச்சையும் சர்வரையும் ஒரே நேரத்தில் அணைத்து ஏற்றிப் பாருங்கள். தனித்தனியாக ரீபூட் செய்து பார்ப்பதில் பயனில்லை. எங்கள் எட்டு சர்வர்களும் தனித்தனி ரீபூட்டில் வருடக்கணக்காகப் பாஸானவைதான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் ரேக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ஒவ்வொரு பிஎம்சியின் மேக் முகவரி, அது தெரிய வேண்டிய ஸ்விட்ச் போர்ட், எஸ்ஓஎல் எந்த சீரியல் எண்ணில் இருக்கிறது, அவ்வளவுதான். அதன் நகல் ஒன்று விபிஎன்னுக்கு வெளியேயும் இருக்கிறது.